மேல்நோக்கி விழுதல்

லிஃப்டில் ஏறி நிற்கிறவருக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தால் அது கயிற்றைப் பற்றியதாகத்தான் இருக்கும். கயிறு அறும், பெட்டி கீழே போகும், கதை முடிந்தது. சினிமாக்காரர்கள் இந்தப் பயத்தை நன்றாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். கயிறு இழை இழையாகப் பிரிந்து தெறிப்பதைக் குளோசப்பில் காட்டாமல் அவர்களுக்கு லிஃப்ட் காட்சி எடுக்க வராது. நிஜத்தில் சாதாரணக் குடியிருப்பின் லிஃப்டைக்கூட ஒற்றைக் கயிறு தாங்குவதில்லை. நாலைந்து எஃகுக் கயிறுகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. மூன்றோ அதற்கு மேலோ கயிறுகள் இருந்தால், அவற்றின் வலிமை தாங்க வேண்டிய சுமையைப்போல் 12 மடங்காவது இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரநிலை. 1945 ஜூலை 28 அன்று நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் எழுபத்தைந்து மாடி உயரத்திலிருந்து அடித்தளம் வரை விழுந்தது உண்மைதான். ஆனால் அதன் கயிறுகளை அறுப்பதற்கு, மூடுபனியில் வந்த ஒரு பி-25 குண்டுவீச்சு விமானம் கட்டடத்தில் மோத வேண்டியிருந்தது. அப்போதும் அந்த லிஃப்டில் இருந்த இளம்பெண் பலத்த காயங்களோடு பிழைத்துக்கொண்டார்.

இந்தப் பயத்துக்கு மருந்து கண்டவராகப் பெயர் பெற்றவர் எலிஷா ஓட்டிஸ். 1852இல் நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸில் கட்டில் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருந்தபோது, சரக்கேற்றும் மேடைக்கு அவர் ஒரு பாதுகாப்பு அமைப்பைச் செய்தார். குதிரை வண்டிக்குப் போடுகிற வில்பட்டையை மேடையின் தலையில் பொருத்திக் கயிற்றோடு இணைத்தார். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை வில் அடங்கிக் கிடக்கும். கயிறு போனால் வில் விடுபட்டு, கொக்கிகளை இரு பக்கத்துப் பற்சட்டங்களிலும் மாட்டிவிடும். 1854இல் நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் தானே மேடைமேல் ஏறி நின்று, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கக் கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி நின்றது. மூன்றே வருடத்தில், 1857இல், பிராட்வேயில் ஹாவுட் கடையின் ஐந்து மாடிக் கட்டடத்தில் அவருடைய பயணிகள் லிஃப்ட் ஓடத் தொடங்கியது.

நல்ல கண்டுபிடிப்புதான், நல்ல நாடகமும்கூட. மோட்டார் தண்டின்மேல் உட்கார்ந்திருக்கும் பிரேக்குக்கு அப்படி ஒரு மேடை கிடைக்கவில்லை. ஓட்டிஸின் வாரிசான பிடிப்பான் லிஃப்டின் ஆயுள் முழுக்க ஒருமுறைகூட நிஜமாக வேலை செய்யாமல் போகலாம். தண்டின் பிரேக்கோ ஒவ்வொரு நிறுத்தத்திலும், நாளைக்குச் சில நூறு தடவை பிடித்து விடுகிறது. நாம் கதவைத் தாண்டிக் கால் வைக்கும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் பெட்டியை அசையாமல் வைத்திருப்பது கயிறு அல்ல, இந்தப் பிரேக்தான்.

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மெஷின் ரூம் இருக்கிறது. மாதம் ஒருமுறை வருகிற மெக்கானிக்கோடு நானும் சில தடவை ஏறியிருக்கிறேன். அவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், திண்டிவனம் பக்கத்துக்காரர். "இது விட்டுதுன்னா கீழ எவ்வளவு வேகமாப் போகும் தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் கிரீஸ் படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார். "கீழ எங்க சார் போகப்போகுது? நீங்க ஒருத்தரா நின்னீங்கன்னா மேலதான் போகும்."

கணக்கு அவர் பக்கம்தான். எங்களுடையது எட்டுப் பேர் லிஃப்ட். ஆளுக்கு 68 கிலோ என்று வைத்து 544 கிலோ என உள்ளே தகட்டில் பொறித்திருக்கும். கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்எடையைப் பெட்டியின் எடைக்குச் சமமாக மட்டும் வைப்பதில்லை. பெட்டியின் எடையோடு முழுச் சுமையில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்து வைப்பார்கள். அப்போதுதான் மோட்டார் அதிகபட்சம் பாதிச் சுமையை மட்டும் இழுத்தால் போதும். ஆக, காலிப் பெட்டியைவிட எதிர்எடை 272 கிலோ கனம். நான்கு பேர் ஏறினால் தராசு நேராகிறது. ஐந்தாவது ஆள் வந்தால்தான் பெட்டிப் பக்கம் தாழும். அடுக்ககத்தில் எத்தனை தடவை ஐந்து பேர் சேர்ந்து ஏறுகிறோம்? காலையில் பால் வாங்கப் போகிறவர், நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர், பேரனைப் பள்ளி வேனில் ஏற்றப் போகிறவர் என்று ஒற்றை ஆள், இரட்டை ஆள் பயணம்தான் அதிகம். தனியாக நிற்கும் ஒருவரை 204 கிலோ மிச்ச எடை மேலே இழுத்தபடி இருக்கிறது. பிரேக் விட்டால் அவர் விழப்போவது வானத்தை நோக்கி.

ஓட்டிஸ் வழிவந்த பிடிப்பான் பெட்டிக்கு அடியில் இருக்கிறது, பெட்டி கீழே பாய்ந்தால் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். அதன் வழக்கமான அமைப்பில் பற்கள் ஒரே திசைக்குத்தான். மேல்நோக்கிய பாய்ச்சலைத் தடுக்கவும் ஏற்பாடு வேண்டும் என்று ஐரோப்பியத் தரநிலை கட்டாயமாக்கியது 1998ஆம் ஆண்டுப் பதிப்பில். கிரிஸ்டல் பேலஸில் கயிறு வெட்டப்பட்டு 144 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வளவு காலமும் பொறியாளர்களுக்கு எதிர்எடையின் கணக்கு தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனால் மனிதனின் பயம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தது. சட்டம் அந்தப் பயத்தின் பின்னால் போயிற்று.

பிரேக்கை ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும். பழைய வகை இயந்திரத்தில் மோட்டாருக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே, தண்டின்மேல் சின்ன அண்டா அளவில் ஓர் இரும்பு டிரம். இரு பக்கமும் இரண்டு கைகள், அவற்றின் உட்புறம் வளைந்த ஷூக்கள், ஷூவின்மேல் ஒட்டிய லைனிங். கைகளின் ஓரத்தில் கட்டைவிரல் தடிமனுக்கு அழுத்தப்பட்ட ஸ்பிரிங். மேலே ஒரு காந்தச் சுருள், மெக்கானிக் வாயில் காயில். மின்சாரம் வந்தால் காயில் இழுத்துக் கைகளை விரிக்கும். மின்சாரம் போனால் ஸ்பிரிங் 'டப்'பென்று இரண்டையும் டிரம்மோடு சேர்த்து அழுத்தும். விரிந்த நிலையிலும் லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. லிஃப்ட் ஓடும்போது உற்றுப் பார்த்தால்கூட ஷூ விலகியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. மெக்கானிக் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்துத்தான் அளக்கிறார். அதன் பிறகு டிரம்மின் ஓரத்தில் ஒரு விரலை ஓட்டி, அந்த விரலை வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கிறார். கியர் பெட்டியின் ஆயில் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் முதலில் வந்து சேர்கிற இடம் இந்த டிரம்தான். எண்ணெய் பட்ட லைனிங் எவ்வளவு தடிமனாக இருந்து என்ன பயன்!

டிரம்மைத் தண்டின்மேல் வைப்பதில் ஒரு லாபம் உண்டு. தண்டு வேகமாகச் சுற்றுகிறது. கயிறு ஓடும் உருளைக்கு வருவதற்குள் கியர் அந்த வேகத்தைப் பல மடங்கு குறைத்துவிடும். எனவே வேகமான பக்கத்தில் சின்னப் பிரேக் போட்டாலே பெரிய சுமையை நிறுத்திவிடலாம். நஷ்டமும் அதே இடத்தில்தான். பிரேக்குக்கும் கயிற்றுக்கும் இடையில் உள்ள ஒவ்வொரு பல்லும் சாவியும் போல்ட்டும் உறுதியாக இருந்தால்தான் பிரேக்கின் பிடி பெட்டிவரை போய்ச் சேரும். கியர் இல்லாத புதிய இயந்திரங்களில் பிரேக்கை உருளையோடு ஒட்டியே வைத்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் பெரிய எடையை நிறுத்துவது என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது தேர். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்க, சக்கரத்துக்குப் பக்கத்தில் நான்கைந்து பேர் முட்டுக்கட்டையோடு கூடவே நடப்பார்கள். எங்கே, எந்தக் கணத்தில் கட்டையைப் போட வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பிறகும் கட்டை போடுகிறவர்கள் போய்விடவில்லை. அங்கே ஓட்டம் இயல்பு. நிறுத்தத்துக்குத்தான் ஆளும் கவனமும் வேண்டும், ஆள் ஒரு கணம் அயர்ந்தால் தேர் நிற்காது. லிஃப்டின் பிரேக் இதைத் தலைகீழாக்கிவிட்டது. இங்கே கட்டை எப்போதும் சக்கரத்தடியில்தான் கிடக்கிறது. அதை எடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கத்தான் மின்சாரம் செலவாகிறது. மின்சாரம் அயர்ந்தால் கட்டை தானாக விழுகிறது. ரயிலில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் கொண்டுவந்த தானியங்கிக் காற்று பிரேக்கும் இதே புத்திதான்: குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும், பெட்டி கழன்று குழாய் பிய்ந்தால் பிடித்துக்கொள்ளும். யோசித்தால், ஓட்டிஸின் வில்லும் கயிற்றின் இறுக்கம் இல்லாமல் போனதைத்தான் கட்டளையாக எடுத்துக்கொண்டது. ஒன்றும் வராததையே 'நில்' என்று படிக்கக் கற்ற இயந்திரங்கள் இவை.

இந்தப் பிரேக்கைப் பற்றித் தரநிலை எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தால், அதை எழுதியவர்கள் எதையும் நம்பாதவர்கள் என்று தெரியும். பிரேக்கின் இயந்திரப் பாகங்கள் இரண்டு தொகுதிகளாக இருக்க வேண்டும். ஒரு தொகுதி செயலிழந்தாலும் மற்றது முழுச் சுமையோடு இறங்கும் பெட்டியின் வேகத்தை மட்டுப்படுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 125 சதவீதச் சுமையைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஸ்பிரிங் இழுவை வகையாக இருக்கக் கூடாது, அழுத்த வகையாக, வழிகாட்டிக்குள் அமர்ந்ததாக இருக்க வேண்டும். ஏனென்றால் இழுவை ஸ்பிரிங் உடைந்தால் எல்லாம் போயிற்று. அழுத்தத்தில் இருப்பது உடைந்தாலும், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து ஓரளவாவது தள்ளிக்கொண்டே இருக்கும். பட்டை பிரேக் கூடவே கூடாது. லைனிங் தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும். (இந்தக் கடைசி விதியை நிறைவேற்றத்தான் வெகுகாலம் கல்நார் சேர்த்தார்கள். டிரம்மின் தூசியை வாயால் ஊதிச் சுத்தம் செய்த பழைய தலைமுறை மெக்கானிக்குகளின் நுரையீரலைப் பற்றி எந்தத் தரநிலையும் அப்போது கவலைப்படவில்லை.) அதிகாரமும் பணமும் புழங்கும் வேறு எந்த ஏட்டிலும் இவ்வளவு நேர்மையான அவநம்பிக்கையை நான் பார்த்ததில்லை. 'இது உடைந்தால் என்ன?' என்ற கேள்வியை ஒவ்வொரு பாகத்திடமும் நின்று கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஒரு சாட்சி உண்டு. 1973 ஜூலை 30 காலை, மார்க்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் 29 பேரை ஏற்றிய கூண்டு இறங்கிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைக்கும் கட்டத்தில், இயந்திரத்தை ஓட்டியவர் பிரேக் பக்கம் தீப்பொறியைப் பார்த்தார், ஒரு வெடிச்சத்தம் கேட்டது. லிவரை இழுத்தார், பயனில்லை. அவசரப் பொத்தானை அழுத்தினார். அந்தப் பொத்தானும் கடைசியில் நம்பியிருந்தது அதே பிரேக்கைத்தான். கூண்டு அடியில் போய் மோதியதில் 18 பேர் இறந்தார்கள், மற்ற 11 பேரும் படுகாயமடைந்தார்கள். அந்தப் பிரேக்கிலும் ஸ்பிரிங் இருந்தது, அதுவும் வலுவான ஸ்பிரிங் தொகுதி. ஆனால் அத்தனை வலுவும் ஷூவுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு எஃகுக் கம்பி வழியாக. சுமார் ஐந்து செ.மீ. தடிமன், மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம். அந்தக் கம்பி நேராக இழுபடுவதற்காகச் செய்யப்பட்டது. ஓர் அச்சில் மசகு போகாமல் இறுகிப்போனதால், ஒவ்வொரு தடவையும் இழுபடுவதோடு கொஞ்சம் வளையவும் செய்தது. வருடக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து, உள்ளே விரிசல் விட்டு, ஒருநாள் இரண்டாயிற்று. ஸ்பிரிங் தன் வேலையைச் செய்தது. அதன் தள்ளலைக் கொண்டுபோக ஆளில்லை.

லிஃப்டுக்கு வருவோம். பழைய இரட்டை வேக மோட்டார் லிஃப்ட்களில் பெட்டியை நிஜமாகவே நிறுத்தியது பிரேக்தான். மாடி நெருங்கும்போது மெதுவேகத்துக்கு மாறி, மின்சாரம் துண்டிக்கப்பட்டு, ஷூ பிடித்து, ஒரு குலுக்கலோடு நிற்கும். வயிற்றில் லேசாகத் தெரியும். லைனிங் தேயத் தேய அந்த நிறுத்தம் வழுக்கும். எட்டுப் பேர் ஏறினால் தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே, ஒற்றை ஆள் என்றால் ஓர் அங்குலம் மேலே. கால் தடுக்கிய மாமி செயலாளரைத் திட்டுவார், செயலாளர் கம்பெனிக்கு போன் போடுவார். பிரேக்கின் உடல்நிலையை மாமியின் கால்விரல் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போதைய டிரைவ் வைத்த லிஃப்ட்களில் அது இல்லை. மோட்டாரே வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மட்டத்தில் பிடித்து நிறுத்திவிடுகிறது. எல்லாம் நின்ற பிறகு பிரேக் வந்து சேர்ந்துகொள்கிறது. புறப்படும்போதும் மோட்டார் சுமையைத் தோளில் வாங்கிய பிறகுதான் பிரேக் விலகுகிறது. பயணம் பட்டுப்போல் இருக்கிறது, லைனிங் தேய்வதே இல்லை. அதனால் பிரேக் எப்படி இருக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரிவதில்லை. டிரம்மில் எண்ணெய் பட்டிருக்கலாம், கையின் அச்சு துருவேறி இறுகியிருக்கலாம், பயணிக்கு எதுவும் தட்டுப்படாது. மோட்டார் அதன் குறையை அவ்வளவு நாசூக்காக மறைத்துவிடுகிறது.

டோக்கியோவில் நடந்தது இப்படி மறைந்த குறைதான். 2006 ஜூன் 3, மினாதோ வட்டாரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பதினாறு வயது மாணவர் ஒருவர் பன்னிரண்டாம் மாடியில் சைக்கிளோடு இறங்க முற்பட்டார். கதவு திறந்திருக்கும்போதே பெட்டி மேலே போயிற்று. பெட்டிக்கும் மேல்சட்டத்துக்கும் இடையில் சிக்கி அவர் இறந்தார். விசாரணையில் தெரிந்த காரணச் சங்கிலி மெக்கானிக்குகளுக்கு மனப்பாடமாக வேண்டியது. பிரேக்கின் காயிலில் சுற்றுகள் சில ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருந்தன. அதனால் காந்தத்தின் இழுப்பு குறைந்தது, ஷூக்கள் முழுதாக விரியவில்லை. லிஃப்ட் பிரேக்கை உரசிக்கொண்டே ஓடியது. மோட்டாருக்கு அது ஒரு பொருட்டில்லை, இழுத்துக்கொண்டு போயிற்று. உரசலில் லைனிங் மெலிந்து மெலிந்து, கடைசியில் ஸ்பிரிங் எவ்வளவு தள்ளினாலும் ஷூ டிரம்மை உரிய பலத்தோடு அழுத்த முடியாத இடத்துக்கு வந்துவிட்டது. அதுவரை லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிற்க வேண்டிய கணத்தில் நிற்கவில்லை. 'மின்சாரம் போனால் பிடித்துக்கொள்ளும்' என்ற தத்துவத்தில் இருந்த ஓட்டை இதுதான். மின்சாரம் முழுதாகப் போவதற்கு விடை வைத்திருந்தார்கள். அரைகுறையாக வருவதற்கு வைக்கவில்லை.

கதவு திறந்தபடி பெட்டி நகர்ந்தால் தடுத்து நிறுத்தும் தனி ஏற்பாட்டை 2009 செப்டம்பர் 28 முதல் புதிய லிஃப்ட்களுக்கு ஜப்பான் கட்டாயமாக்கியது. புதியவற்றுக்கு மட்டும். அதற்கு முன்பு போட்டவை அப்படியே ஓடின.

இவ்வளவு சந்தேகப்பிராணிகளான தரநிலைக்காரர்களும் ஒரே ஓர் இடத்தில் மனிதனை நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. கரண்ட் போய் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், மெஷின் ரூமுக்கு ஓடி, மெயினை அணைத்து, தண்டின் முனையில் கைச்சக்கரத்தை மாட்டி, லிவரால் பிரேக்கைத் திறக்க வேண்டும். இரண்டு பேர் வேலை. ஒருவர் சக்கரத்தைப் பிடிக்க, மற்றவர் லிவரைக் கொஞ்சம் அழுத்தி விட, கொஞ்சம் அழுத்தி விட, பெட்டி நகரும். உள்ளே இருப்பவர் ஒருவர் என்றால் சக்கரத்தைச் சுற்றவே வேண்டாம். எதிர்எடை தானே அவரை மேல்மாடிக்குக் கொண்டுபோகும், விடாமல் தடுப்பதுதான் சிரமம். இங்கேயும் விதி ஒன்று வைத்திருக்கிறார்கள். கையால் திறந்த பிரேக், கை அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் திறந்திருக்க வேண்டும், கையை எடுத்தால் மூடிக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் போட்டு நிறுத்தும் வசதி இருக்கக் கூடாது. எங்கள் வாட்ச்மேன் அண்ணன் இந்த வேலையைக் கற்றுவைத்திருந்தார். ஒருமுறை அவர் செய்யும்போது பார்த்தேன். மணிக்கட்டில் நரம்பு புடைக்க, ஒவ்வொரு ஒரு சாணுக்கும் லிவரை விட்டு, கயிற்றில் போட்டிருக்கும் மஞ்சள் பெயிண்ட் குறியைப் பார்த்து, மறுபடி அழுத்தினார். பெயிண்ட் குறி நேரே வந்தால் பெட்டி மாடி மட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இப்போது பாட்டரியில் இயங்கும் மீட்புக் கருவி போட்டுவிட்டார்கள், அவருடைய மணிக்கட்டுக்கு வேலையில்லை.

தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி லிஃப்டுக்கு உரிமம் வேண்டும், மின் ஆய்வுத் துறையிலிருந்து வந்து பார்ப்பார்கள். உரிமச் சான்றைக் கண்ணாடி போட்டு லிஃப்டுக்குள் மாட்டிவைக்கிறோம். பராமரிப்பு ஒப்பந்தத்தை மலிவாகக் கேட்கிற கம்பெனிக்குக் கொடுக்கிறோம். போன வருடம் சங்கக் கூட்டத்தில் மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று வந்தது: ஆயில் சீல் மாற்ற வேண்டும், இரண்டு ஷூவுக்கும் புது லைனிங், காயிலையும் ஒருமுறை அளந்து பார்த்துவிடலாம். "ஓடுதுல்ல? அப்புறம் என்ன?" என்றார் பொருளாளர். அவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கெட்டவர் அல்ல, பணத்துக்குக் கணக்குக் கேட்பது அவர் சுபாவம். அதற்கு முந்தைய தீர்மானத்தில்தான் லிஃப்டுக்குள் எவர்சில்வர் தகடும் முழுநீளக் கண்ணாடியும் போட ஒருமனதாகச் சம்மதித்திருந்தோம். எதிர்எடை, 272 கிலோ, தனியாக நிற்கிறவர் மேலே போவது என்று நான் சொல்லத் தொடங்கியதும் இரண்டு பேர் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் மாடி டீச்சர் மட்டும், "தனியா போறவங்களுக்குத்தான் ஆபத்தா? நான் தினம் தனியாத்தானே போறேன்" என்றார். அவர் குரலுக்காகத்தான் தொகை பாஸானது. எவர்சில்வருக்கு 'மேம்பாட்டுப் பணிகள்' என்று தனித் தலைப்பு இருந்தது. லைனிங்கை 'இதர செலவுகள்' என்பதில், குழாய் ரிப்பேருக்கும் கொசு மருந்துக்கும் நடுவில் எழுதிக்கொண்டார்கள்.